நாற்பது சவரனும் ஒரு பழைய டைரியும்

2022 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவைத் திறந்து இரண்டு வளையல்களை மேசைமேல் வைத்து, "அக்கா, இதைத் தூக்கிப் பாருங்க" என்றாள். தூக்கியதுமே தெரிந்துவிட்டது. பார்வைக்கு ஒன்றரைச் சவரன் வளையல். கைக்குக் காகிதம் மாதிரி இருந்தது.

கவரிங். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள மாமியார் லாக்கரிலிருந்து எடுத்துக் கொடுத்தது அதுதான். "எங்க ஆசாரி உள்பக்கம் கடைப்பேரைச் சின்னதா ரெண்டு எழுத்து குத்தியிருப்பார். இதுல அது இல்ல." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுகையெல்லாம் அதற்கு முந்தின மாதமே முடிந்திருந்தது.

மும்பையில் சயான், தாராவி, கோலிவாடா பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது, மராத்தியிலும் இந்தியிலும் பேச வேண்டிய இடத்துக்குக் கூடப் போவது, இதைப் பதினோரு வருடமாகச் செய்து வருகிறேன். நான் வக்கீல் இல்லை. இந்த நிகழ்வை அவளுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். நகைக் கணக்கையும் நடந்த வரிசையையும் மாற்றவில்லை.

கேட்காமல் கேட்டது

அவளுடைய அப்பா தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக வந்த குடும்பங்களில் மூன்றாம் தலைமுறை. மாப்பிள்ளை வீடும் அதே மாவட்டம்தான், இருப்பது பாண்டுப்பில். பெண் பி.காம். படித்து ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்தாள். மாப்பிள்ளைக்கு ஐரோலியில் வேலை.

பேச்சுவார்த்தை நடந்த அன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் சொன்னதை அவளுடைய அம்மா எனக்கு வார்த்தை மாறாமல் சொன்னார்: "நாங்க வாயத் தொறந்து எதுவும் கேக்க மாட்டோம். மூத்த மருமகளுக்கு அவங்க வீட்ல நாப்பது போட்டாங்க. அதுக்கு மேல உங்க பிரியம்." பெண் வீட்டார் மனதில் இருபத்தைந்து இருந்தது. அன்று மாலைக்குள் நாற்பது ஆகிவிட்டது. அதற்குமேல் ரொக்கமாக மூன்று லட்சம். எங்கள் பக்கத்தில் இதைச் சுருள் என்பார்கள். வெற்றிலையில் சுருட்டிக் கொடுத்த காலத்துப் பெயர். இப்போது அது கைப்பையில் போகிறது. இவை போகப் பாத்திரம், கட்டில், பீரோ, ஒரு பைக்.

நாற்பது சவரன் என்றால் 320 கிராம். 2019 தொடக்கத்தில் சவரன் 24,000 முதல் 25,000 ரூபாய் வரை விற்றது. செய்கூலி, சேதாரம் சேர்க்காமலே கிட்டத்தட்ட பத்து லட்சம். அத்தனையையும் ஒரே நாளில் வாங்கவில்லை. பெண் வயதுக்கு வந்ததிலிருந்து அம்மா 11 மாத நகைச் சீட்டு கட்டி வந்திருக்கிறார். ஒரு சீட்டு முடிந்தால் ஒரு உருப்படி. கடைசிப் பத்துச் சவரனுக்குத்தான் அப்பா பட்டறை மேல் கடன் வாங்கினார், அண்ணன் தன் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கினான்.

அம்மா ஒரு பழைய டைரியில் ஒவ்வொரு உருப்படியையும் எழுதி வைத்திருந்தார். "ஆரம் 6 சவரன், பதக்கத்தில் மூணு சிவப்புக் கல்." "ஜிமிக்கி, மாட்டலோட ஒன்றே கால்." "பட்டை வளையல் நாலு." எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பின்னால் இந்த டைரிதான் எல்லாவற்றையும் தாங்கியது. அந்த நேரத்தில் அது சட்டத்துக்காக எழுதியது அல்ல. அடுத்த சீட்டில் என்ன வாங்கலாம் என்று பார்த்துக்கொள்ள எழுதியது.

ரயிலில் கழற்றிய நகை

கல்யாணம் 2019 தை மாதம், ஊரில். மறுவீடு முடிந்து நான்காம் நாள் எல்லோரும் நாகர்கோவில் – மும்பை எக்ஸ்பிரஸில் கிளம்பினார்கள். ஒன்றரை நாள் பயணம். பிளாட்பாரத்திலேயே மாமியார் சொல்லியிருக்கிறார்: "ஏட்டி, ராய்ச்சூர், சோலாப்பூர்ப் பக்கம் ராத்திரி நேரத்துல களவாணிப் பயலுவ ஏறுவான். எல்லாத்தையும் கழத்தி இங்க தா, என் பையில கெடக்கட்டும்." அவள் கழற்றினாள். தாலியும் கால் கொலுசும் ஒரு ஜோடிக் கம்மலும் உடம்பில் மிஞ்சின. மற்றதெல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் போய், மாமியாரின் தலைமாட்டுக்குப் போனது. பெண்ணின் அம்மாவும் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கும் அது நியாயமாகவே பட்டிருக்கிறது. எனக்கும் பட்டிருக்கும்.

மும்பை வந்ததும் பை நேராக லாக்கருக்குப் போனது. லாக்கர் மாமியார் பெயரிலும் கணவன் பெயரிலும். அவள் பெயரையும் சேர்க்கலாமே என்று ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "உனக்கு எப்ப வேணும்னாலும் எடுத்துத் தர ஆள் இருக்கு" என்று பதில் வந்தது.

இத்தனை வருடத்தில் நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலும் இப்படித்தான். பெண் பார்க்கும்போதும் நிச்சயத்தன்றும் எல்லோரும் விழிப்பாக இருக்கிறார்கள். எத்தனை சவரன், எந்தக் கடை, ஹால்மார்க் உண்டா என்று பேச்சு நடக்கிறது. தாலி ஏறிய பிறகு வரும் முதல் வாரத்தில்தான் நகை கைமாறுகிறது. ரயில் பயம், வாடகை வீட்டில் பூட்டு சரியில்லை, விருந்தாளி நடமாட்டம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நல்ல காரணம் இருக்கும். அந்த நிமிடம் யாரும் தப்பாக நினைத்துச் செய்வதில்லை, சில வீடுகளில் மாமியார்கூட அப்படி நினைத்திருக்க மாட்டார். ஆனால் அன்றிலிருந்து அது பெண்ணின் நகை என்பதற்கு வீட்டில் ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம், அந்தப் பெண்.

2020-இல் ஊரடங்கு. கணவனுக்குப் பாதிச் சம்பளம். தங்கம் விலை ஏறிக்கொண்டே போனது, அடகு வைத்தால் நல்ல தொகை கிடைக்கும். அவளிடம் சொல்லாமலே ஒரு பகுதி அடகுக்குப் போனது. 2021-இல் கல்யாண் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்ட இன்னும் கொஞ்சம் போனது. ஃபிளாட் கணவன் பெயரிலும் மாமியார் பெயரிலும். அடகுக் கடையிலிருந்து ஏல நோட்டீஸ் வந்தபோது அது கணவன் பெயருக்குத்தான் வந்தது. அவள் கண்ணில் படவே இல்லை. பதினேழு சவரன் முழுகிப் போனது. அதை மறைக்கத்தான் அந்தக் கவரிங் வளையல்.

அடி, உதை என்று அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை. இதை நான் எழுதியே ஆகவேண்டும். இந்தியாவில் 2022-இல் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் வரதட்சணைச் சாவுகள் பதிவாயின. அந்தக் கொடூரத்தைப் பார்த்துப் பழகிய நம் மனசு, அடியில்லாத வீட்டில் நகை போவதை ஒரு குற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. "உன்ன அடிச்சானா? சோறு போடலையா? பின்ன என்ன, குடும்பத்துக்குத்தானே செலவழிச்சான்" என்று அவளிடம் கேட்டது அவளுடைய சொந்தச் சித்தப்பா.

வரதட்சணை வேறு, ஸ்ரீதனம் வேறு

அவளுடைய அப்பா முதலில் போலீஸ் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். காரணம் மானம் மட்டுமில்லை. "கொடுத்தவனுக்கும் அஞ்சு வருசமாமே, நானே போய் உள்ள உக்காரவா?" 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம்தான், குறைந்தது ஐந்து வருடம். ஆனால் அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர்மேலேயே வழக்குப் போட முடியாது என்கிறது. இதை நான் இரண்டு தடவை படித்துக் காட்டிய பிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இந்தப் பயத்தாலேயே வாய் திறக்காத அப்பாக்கள் எத்தனை பேரோ.

அப்புறம் சொல் குழப்பம். மூன்று லட்சம் சுருள், பேரம் பேசி வாங்கியது, அது வரதட்சணை. பெண் கழுத்தில் போட்ட நகை, அவளுக்கு வந்த பரிசு, இதைச் சட்டம் ஸ்ரீதனம் என்கிறது. அது முழுக்க அவளுடைய சொத்து. 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: புகுந்த வீட்டில் வைத்திருப்பதால் அது கூட்டுச் சொத்து ஆகிவிடாது, கணவனோ மாமியாரோ வைத்திருந்தால் நம்பி ஒப்படைத்ததை வைத்திருக்கிறார்கள் என்றே பொருள், திருப்பிக் கொடுக்காவிட்டால் நம்பிக்கை மோசடி. வரதட்சணையாகவே வாங்கியிருந்தாலும்கூட, 6-ஆம் பிரிவின்படி மூன்று மாதத்துக்குள் அதைப் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். அதாவது எந்தப் பெயரில் கொடுத்தாலும் சட்டம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் பெண்ணின் கைதான்.

எங்கள் வழக்கு முடிந்த அடுத்த வருடம், 2024 ஏப்ரலில், கேரளப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்பு வந்தது. 89 சவரன். கல்யாண இரவே நகையெல்லாம் பாதுகாப்புக்கு என்று மாமியாரிடம் போய், கடனை அடைக்கச் செலவானது. கணவன் 25 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செய்தியைப் படித்ததும் இவளுக்குத்தான் முதலில் அனுப்பினேன். "அக்கா, அவங்களுக்கு முதல் நாள், எனக்கு நாலாம் நாள்" என்று பதில் போட்டாள்.

சாட்சிகளைத் தேடியது

அவளுக்குக் கிரிமினல் வழக்கு வேண்டாம். குழந்தையின் அப்பாவை ஸ்டேஷனில் பார்க்க மனசில்லை, நகை வேண்டும், அவ்வளவுதான். எனவே 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் முன் மனு. ஸ்ரீதனத்தை விற்பதும் மறைப்பதும் அந்தச் சட்டத்தில் பொருளாதாரக் கொடுமை. லாக்கரைத் திறக்கக் கூடாது என்று 18-ஆம் பிரிவில் தடை கேட்கலாம், நகையைத் திருப்பித் தரச் சொல்லி 19(8)-இல் உத்தரவு கேட்கலாம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால் வக்கீல் செலவும் இல்லை.

எழுத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. நாற்பது சவரன் போட்டதற்கு அத்தாட்சி எங்கே?

1985-இலிருந்து இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு பட்டியல், மாப்பிள்ளைக்கு வந்தவற்றுக்கு ஒரு பட்டியல். பொருள் என்ன, உத்தேச மதிப்பு எவ்வளவு, கொடுத்தவர் யார், என்ன உறவு. பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டிலும் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணின் பட்டியல் பெண்ணிடமே இருக்க வேண்டும். நாற்பது வருடம் ஆகிவிட்டது. என்னிடம் வந்த எந்தக் குடும்பத்திலும் அந்தப் பட்டியலை நான் பார்த்ததில்லை. "நல்ல காரியம் நடக்கிற எடத்துல கையெழுத்தா கேக்கது?" என்பார்கள். மண்டப வாசலிலேயே ஒரு மேசை போட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து, 101 ரூபாய் மொய்க்கும் ஊர், பேர் எழுதி வைப்பவர்கள் நாம். அதைக் கேவலமாக யாரும் நினைப்பதில்லை. பத்து லட்ச ரூபாய் நகைக்கு ஒரு வரி எழுதத்தான் கூச்சம்.

ஆகவே தேடினோம். நகைக் கடை பில்கள் பாதிதான் கிடைத்தன, அவையும் அப்பா பெயரில். கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்பது படங்களைத் தாராவி 90 அடிச் சாலையில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக்கினோம். மாலை மறைத்தது போக எத்தனை வளையல், எத்தனை சங்கிலி என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் பேனாவால் எண் போட்டோம். டைரியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். டைரியில் இருந்த 23 உருப்படிகளில் 19 படத்தில் தெரிந்தன. பதக்கத்தின் மூன்று சிவப்புக் கல்லும் தெரிந்தது.

எல்லாவற்றையும்விடப் பலமானது மாமியார் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஒரு குரல் பதிவு. 2021 தீபாவளிக்கு இவள் நகை கேட்டபோது வந்தது: "ஒன் நகை நாப்பதும் லாக்கர்ல பத்திரமாத்தான் கெடக்கு, நான் என்ன தின்னுட்டனா?" கோபத்தில் சொன்னது. அந்த ஒரு வாக்கியத்தில் எண்ணிக்கை, யாருடையது, எங்கே இருக்கிறது, எல்லாமே இருந்தன. பதிவை அழிக்காமல் வைத்திருந்தது அவளுடைய சமர்த்து. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க அப்போது தேவைப்பட்ட 65பி சான்றிதழோடு அதை மனுவில் சேர்த்தார்கள்.

2022 மேயில் மனு. அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். பதினான்கு மாதம் ஆனது. இடையில் எத்தனை வாய்தா, எத்தனை லோக்கல் ரயில், குழந்தைக்கு எத்தனை பால் புட்டி என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. லாக்கருக்குத் தடை உத்தரவு வந்த பிறகுதான் எதிர்த் தரப்பு சமரசத்துக்கு இறங்கியது.

கிராமா, ரூபாயா

சமரசத்தில் நான் கற்றுக்கொண்டது இந்தப் பகுதியில்தான். முதலில் அவர்கள் சொன்னது: "2019-ல பத்து லட்சத்துக்கு வாங்கினீங்க, பத்து லட்சம் தந்துடறோம்." கேட்க நியாயமாக இருக்கும். 2023 நடுவில் சவரன் 44,000 ரூபாய் அளவில் இருந்தது. பத்து லட்சத்துக்கு இருபத்துமூன்று சவரன்கூட வராது. வளையலை எடுத்தவர்கள் வளையலைத்தான் திருப்பித் தர வேண்டும், முடியாவிட்டால் அன்றைய விலை. அவள் இதில் அசையவில்லை. "கிராம்ல பேசுங்க" என்று மூன்று தடவை சொன்னாள். கணக்கு வேலை பார்த்த பெண்.

கடைசியில் லாக்கரில் மிஞ்சியிருந்த 23 சவரன் நகையாகவும், முழுகிப் போன பதினேழுக்கு ஆறரை லட்சம் ரூபாய் மூன்று தவணையாகவும் முடிவானது. அன்றைய விலைப்படி பதினேழு சவரன் ஏழரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அந்த வித்தியாசத்தை அவள் தெரிந்தேதான் விட்டாள். மூன்று லட்சம் சுருள் பற்றிப் பேச்சே இல்லை. அப்படி ஒன்று வாங்கவே இல்லை என்றார்கள், எழுத்தில் எதுவும் இல்லை.

2023 ஜூலையில் மாட்டுங்காவில் இரண்டு தரப்புக்கும் தெரிந்த ஒரு நகைக் கடையில் எடை போட்டார்கள். மாமியார் ஒரு ஸ்டீல் டப்பாவை மேசைமேல் வைத்தார். கடைக்காரர் ஒவ்வொன்றாக உரசிப் பார்த்துத் தட்டில் வைத்தார். 184 கிராம் வர வேண்டும். தராசு 181.6 என்று காட்டி நின்றது. உடனே ஒரு சத்தம் கிளம்பியது. கல் எடையைக் கழித்தீர்களா, தேய்மானமா, ஜிமிக்கியில் ஒரு முத்துக்கூடு உடைந்திருக்கிறதே. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் ஆரத்தை மட்டும் எடுத்துக் கொக்கியைத் திருப்பிப் பார்த்தாள். கொக்கி லூசாக இருக்கிறதென்று கல்யாணத்தன்று காலையில் அம்மா ஒரு சிவப்பு நூல் சுற்றிக் கட்டியிருந்தார். நூல் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அந்த 2.4 கிராமைப் பற்றி அவள் பேசவில்லை.

நகை இப்போது அவள் பெயரில் மட்டும் உள்ள லாக்கரில் இருக்கிறது. முதல் இரண்டு தவணை வந்தது. மூன்றாவதில் பாதி இன்னும் பாக்கி. அவள் கோலிவாடாவில் ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து வேலைக்குப் போகிறாள். விவாகரத்து கேட்கவில்லை. கணவன் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைப் பார்க்க வருகிறான்.

அண்ணன் கொண்டுவந்த பத்திரம்

இதோடு எழுதி முடித்திருப்பேன். ஆனால் 2024 பொங்கலுக்கு அப்புறம் அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை கையில் ஒரு முத்திரைத்தாள் நகல். ஊரில் தாத்தா வழியாக வந்த எண்பது சென்ட் நிலம். அதில் அவளுக்குள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக் கொடுப்பதாக விடுதலைப் பத்திரம். அதில் ஒரு வரி: "எனது திருமணத்தின்போது நாற்பது சவரன் நகைகளும் சீர்வரிசையும் பெற்றுக்கொண்டுவிட்டபடியால், மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை."

அண்ணன் கெட்டவன் இல்லை. தங்கை நகைக்கு வாங்கிய கடனை நாலு வருடம் கட்டியவன். நீதிமன்றத்துக்கு என்னோடு பாதி நாள் வந்தவன். அவன் கணக்கில் நாற்பது சவரன்தான் தங்கையின் பங்கு, நிலம் அவனுடையது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில், 1707-இல் டச்சுக்காரர்கள் எழுதி வாங்கிய அந்தத் தொகுப்பில், இப்படி ஒரு முறையே இருந்தது. சீதனம் வாங்கிய மகளுக்குப் பெற்றோர் சொத்தில் உரிமை கிடையாது. ஆனால் அங்கே சீதனம் மனைவியின் தனிச் சொத்தாகவே நின்றது. நம் வீடுகளில் பங்குக்குப் பதிலாக நகை என்கிறோம், அந்த நகையையும் அவள் கைக்குப் போக விடுவதில்லை. இந்தப் பெண் பிறந்த வீட்டில் ஒரு கணக்கிலும் புகுந்த வீட்டில் ஒரு கணக்கிலும் "கொடுத்தாயிற்று" என்று முடிக்கப்பட்டவள்.

சட்டப்படி நகைக்கும் பங்குக்கும் சம்பந்தம் இல்லை. தமிழ்நாட்டில் 1989-இலேயே திருத்தம் வந்தது, அதற்குப் பின் கல்யாணமான மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை. 2005-இல் நாடு முழுக்க ஆனது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என்றும் தெளிவாக்கியது. அப்பா தானே சம்பாதித்து வாங்கியதாக இருந்தால் அவர் இஷ்டப்படி எழுதலாம். இது தாத்தா வழி வந்தது. அவள் விட்டுக் கொடுக்க நினைத்தால் கொடுக்கலாம், அது அவள் விருப்பம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு திரும்பக் கேட்பது கஷ்டம் என்பதை மட்டும் சொன்னேன்.

அவள் பத்திரத்தைப் படித்து முடித்து, அந்த வரியை விரலால் தொட்டு, "இதுல நாப்பதுன்னு இருக்கு. எனக்கு வந்தது இருபத்திமூணு" என்றாள்.

கையெழுத்துப் போடவில்லை, கிழிக்கவும் இல்லை. அண்ணனிடம், அப்பாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசலாம், நீ கட்டிய கடனையும் கணக்கில் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. முத்திரைத்தாள் நகல் அம்மாவின் டைரிக்குள், ஜிமிக்கி எழுதிய பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. டைரி இப்போது அவளுடைய லாக்கரில் இருக்கிறது. அம்மாதான் கொண்டுவந்து கொடுத்தார்.